பதினேழு வயதுப் பையனும் பீனிக்ஸ் பறவையும்

2002-ம் ஆண்டு செப்டம்பர் 23-ந் தேதியன்று இண்டர்நெட்டில் ஒரு புதுச் சரக்கு வந்து இறங்கியது. பெயர் பீனிக்ஸ், பதிப்பு எண் 0.1. ஒன்று என்று சொல்லிக்கொள்ளக்கூடத் துணிவில்லாமல், அதில் பத்தில் ஒரு பங்குதான் நான் என்று தன்னைத்தானே குறைத்துக்கொண்டு வந்த சரக்கு அது. விலை கிடையாது. கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்து, எங்கே இடறுகிறது, எங்கே விழுகிறது என்று கண்டு சொல்லுங்கள் என்று ஊராரிடம் விட்டுவிட்டார்கள்.

இன்று உலகமெங்கும் பயர்பாக்ஸ் என்று வழங்கும் உலாவியின் பிள்ளைப் பருவம் இதுதான். பிறந்த வேளையில் அது பிழைக்கும் என்று பந்தயம் கட்டியிருப்பவர் மிகச் சிலரே.

ஏன் என்று கேட்கிறீர்களா? அன்றைய நிலை அப்படி. வலைப்பக்கங்களைத் திறந்து காட்டும் உலாவித் தொழிலில் முதலில் கொடிகட்டிப் பறந்தது நெட்ஸ்கேப். 1994-ல் வந்தது. மைக்ரோசாப்ட் தன்னுடைய இண்டர்நெட் எக்ஸ்புளோரரை விண்டோஸோடு சேர்த்தே இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியதும் நெட்ஸ்கேப்பின் செல்வாக்கு கரைந்தது. வீட்டு வாசலிலேயே குழாய் போட்டுத் தண்ணீர் விட்டால், குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடிக்கு யார் போவார்கள்? 2002-ல் நூறு பேரில் தொண்ணூறு பேருக்கு மேல் எக்ஸ்புளோரரையே பயன்படுத்தினார்கள். போட்டி ஒழிந்த பிறகு அதைச் செப்பனிடுவதில் மைக்ரோசாப்டுக்கு ஆர்வமும் குறைந்துவிட்டது. ஆறாம் பதிப்பு வந்தது 2001-ல். ஏழாவது வந்ததோ 2006-ல்! ஐந்து வருஷம் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டிருந்த கதைதான்.

தோற்ற நெட்ஸ்கேப் ஒரு காரியம் செய்தது. 1998-ல் தன் உலாவியின் மூல நிரலை, அதாவது தொழில் ரகசியம் அத்தனையையும், யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம் என்று பொதுவில் வைத்துவிட்டது. அந்தத் திட்டத்துக்குப் பெயர் மொஸில்லா. நாலு வருஷம் பாடுபட்டு, 2002 ஜூனில் மொஸில்லா 1.0 வெளிவந்தது. நல்ல சரக்குதான். ஆனால் வலைப்பக்கம் பார்க்க வந்தவனுக்குக் கடிதப் பெட்டியும், பக்கம் எழுதும் கருவியும், விலாசப் புத்தகமும், அரட்டைப் பெட்டியும் சேர்த்தே தலையில் கட்டப்பட்டன. காப்பி கேட்டவனுக்கு முழுச் சாப்பாட்டு இலையைப் போட்டு உட்கார வைத்தால் எப்படி இருக்கும்!

மூன்று பேர் கலகம்

இந்த இடத்தில்தான் நம் கதாநாயகர்கள் வருகிறார்கள். டேவ் ஹையட், ஜோ ஹெவிட், பிளேக் ராஸ். இவர்களில் பிளேக் ராஸுக்கு அப்போது வயது பதினேழு. புளோரிடாவைச் சேர்ந்த பையன். பதினைந்து வயது வாக்கிலேயே நெட்ஸ்கேப்பில் பயிற்சியாளாகச் சேர்ந்தவன். மீசை முளைக்காத வயதில், உலகிலேயே பெரிய கம்பெனி ஒன்றின் சரக்குக்கு எதிராகக் கடை விரித்தவர்களில் ஒருவன்.

அவர்களுடைய எண்ணம் எளிமையானது. உலாவி என்றால் உலாவி மட்டுமே இருக்கட்டும். வேண்டாத அலங்காரம் வேண்டாம். விற்பனைப் பிரிவின் கட்டளை வேண்டாம். ஒரு பொத்தானை எங்கே வைப்பது என்று மாதக்கணக்கில் விவாதம் வேண்டாம். ஆகவே நிரலில் கை வைக்கும் உரிமையையும் சிலருக்கு மட்டுமே வைத்துக்கொண்டார்கள். "எல்லோருக்கும் பொது என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொள்கிறார்களே!" என்று மொஸில்லா வட்டாரத்தில் முணுமுணுப்பு எழுந்தது. நியாயமான முணுமுணுப்புத்தான். ஆனாலும் பத்துப் பேர் கிண்டும் பாயசம் எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியாததல்லவே.

என்ஜின் மொஸில்லாவுடையதே, வலைப்பக்கத்தைப் படித்து வரைந்து காட்டும் கெக்கோ என்னும் பகுதி அப்படியே இருந்தது. வண்டிக்கூடுதான் புதிது.

என்ன புதுமை?

முதலாவது, மேலே பொத்தான்கள் இருக்கும் பட்டை. பீனிக்ஸில் அதைப் பயன்படுத்துவோர் தம் விருப்பம் போல் மாற்றிக்கொள்ளலாம். வேண்டிய பொத்தானை எலியால் பிடித்து இழுத்து வேண்டிய இடத்தில் விடுவது. வேண்டாததைத் தூக்கி வெளியே போடுவது. வீட்டுக்கு வீடு அஞ்சறைப் பெட்டியில் கடுகு இருக்கும் அறை வேறுபடுகிறது. அதை அந்த வீட்டு அம்மாள்தானே தீர்மானிக்க வேண்டும்? கடைக்காரர் தீர்மானித்துக்கொண்டிருந்த வரையில் யாரும் இதை ஒரு குறையாக நினைக்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

இரண்டாவது, தாவல்கள். பத்துப் பக்கம் திறந்தால் பத்து ஜன்னல்களாகத் திரையை அடைக்காமல், ஒரே ஜன்னலுக்குள் பத்து ஏடுகளாக அடுக்கி வைப்பது. இது மொஸில்லாவிலேயே இருந்தது. ஓபரா முதலிய உலாவிகளிலும் உண்டு. ஆனால் எக்ஸ்புளோரரை மட்டும் அறிந்திருந்த கோடிக்கணக்கானவர்களுக்கு அது கேள்விப்படாத வசதி.

மூன்றாவதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். அக்காலத்தில் ஒரு பக்கத்தைத் திறந்தால் கூப்பிடாமலே நாலு விளம்பர ஜன்னல்கள் குதித்து வரும். ஒன்றை மூடினால் இன்னொன்று. பஸ் நின்றதும் ஜன்னலுக்கு ஜன்னல் முறுக்கும் வெள்ளரிப் பிஞ்சும் நீட்டுகிறார்களே, அவர்களாவது "வேண்டாம்" என்றால் நகர்ந்துவிடுவார்கள். மொஸில்லாவில் இவற்றைத் தடுக்கும் வழி இருந்தது. ஆனால் அதே நிரலைக் கொண்டு 2002 ஆகஸ்டில் நெட்ஸ்கேப் கம்பெனி வெளியிட்ட ஏழாம் பதிப்பில் அந்தத் தடுப்பு மட்டும் மாயமாய் மறைந்துவிட்டது! நெட்ஸ்கேப்பை அப்போது சொந்தமாக்கிக்கொண்டிருந்த ஏ.ஓ.எல். நிறுவனத்தின் தளங்களே அப்படிப்பட்ட விளம்பரங்களைக் காட்டிக்கொண்டிருந்தன. ஊரெல்லாம் எதிர்ப்புக் கிளம்பவே, டிசம்பரில் தடுப்பைத் திருப்பிக் கொடுத்தார்கள். விற்பனைப் பிரிவின் கட்டளை வேண்டாம் என்று அந்த இளைஞர்கள் ஏன் சொன்னார்கள் என்பது இப்போது விளங்குகிறதல்லவா? பீனிக்ஸில் தடுப்பு இருந்தது.

குறைகளும் உண்டு. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும்தான் ஓடியது. மாக்கிண்டாஷ்காரர்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆனால் அடுத்த பதிப்பு எட்டே நாளில் வந்தது. டிசம்பர் 7-க்குள் 0.5 வந்துவிட்டது. முதல் பதிப்புகளுக்குக் கலிபோர்னியாக் கடற்கரை ஊர்களான பெஸ்கடேரோ, ஸாண்டா குரூஸ், லூஸியா என்று செல்லப் பெயர்கள். பயன்படுத்துவோரே துணைக் கருவிகள் எழுதிச் சேர்க்கும் வசதியும் இந்தச் சோதனைகளின் போக்கில்தான் வளர்ந்தது. உலாவியின் முகப்பையே ஒரு வலைப்பக்கத்தைப் போல எழுதியிருந்ததால், வெளியார் அதில் ஒட்டு வேலை செய்வது சுலபமாயிற்று.

பெயரால் வந்த தொல்லை

பீனிக்ஸ் என்ற பெயர் நிலைக்கவில்லை. பீனிக்ஸ் டெக்னாலஜீஸ் என்று வேறொரு கம்பெனி ஏற்கெனவே இருந்தது, அது ஆட்சேபித்தது. 2003 ஏப்ரலில் பயர்பேர்டு என்று மாற்றினார்கள். அந்தப் பெயரில் ஒரு தரவுத்தளத் திட்டம் இருந்தது; அவர்களும் சண்டைக்கு வந்தார்கள். கடைசியில் 2004 பிப்ரவரி 9-ந் தேதி, 0.8 பதிப்புடன் பயர்பாக்ஸ் என்ற பெயர் சூட்டப்பட்டது. படத்தில் நரியைப் போட்டாலும், அந்தப் பெயர் உண்மையில் குறிப்பது செம்பாண்டாவை. நம் சிக்கிமின் மாநில விலங்கு!

பெயர்ச் சண்டை நடந்துகொண்டிருக்கையிலேயே பெரிய இடி விழுந்தது. 2003 ஜூலை 15-ந் தேதி ஏ.ஓ.எல். நெட்ஸ்கேப் பிரிவைக் கலைத்து ஆட்களை வீட்டுக்கு அனுப்பியது. அதே நாளில், இருபது லட்சம் டாலர் தருவதாகச் சொல்லி மொஸில்லா அறக்கட்டளையைத் தனிக்குடித்தனம் வைத்தது. தாய் வீடு இடிந்த அன்று, அறக்கட்டளையின் கையில் எதிர்காலம் என்று சொல்ல இருந்தது இன்னும் ஒன்று என்ற எண்ணைத் தொடாத அந்தச் சோதனைச் சரக்குதான். ஹையட் 2002-லேயே ஆப்பிளுக்குப் போய், அங்கே சபாரி உலாவியை உருவாக்குவதில் முனைந்துவிட்டார். பிளேக் ராஸ் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் மாணவன். தலைமைப் பொறுப்பைச் சுமந்தவர் நியூஸிலாந்தின் ஆக்லாண்டில் வளர்ந்த பென் குட்ஜர். அவர் காலத்துப் பதிப்புகளுக்கு ஆக்லாண்டு வட்டாரப் பெயர்கள் வந்து சேர்ந்ததில் வியப்பில்லை.

2004 நவம்பர் 9-ந் தேதி பயர்பாக்ஸ் 1.0 வெளியாயிற்று. சுமார் ஒரு மாதத்தில் ஒரு கோடிப் பிரதிகள் இறக்கிக்கொள்ளப்பட்டன. டிசம்பர் 16-ந் தேதி நியூயார்க் டைம்ஸில் இரண்டு பக்க விளம்பரம். பணம் கொடுத்தவர்கள் அதைப் பயன்படுத்தியவர்களே. பதினாயிரம் பேருடைய பெயர்கள் பொடி எழுத்தில் அச்சாகியிருந்தன. இப்போது தமிழிலும் அந்த உலாவி கிடைக்கிறது.

பெயர் வைக்குமுன் அந்த மூவர் தங்கள் வேலையை மொஸில்லாவின் நிரற்கிடங்கில் ஒரு தனி அறையில் வைத்தார்கள். அறைக்கு வெறுமே "பிரௌசர்" என்று பெயர் எழுதினார்கள். வெளியே பெயர் இரண்டு முறை மாறிவிட்டது. கிடங்கில் அந்த அறையின் பெயர் இன்றைக்கும் பிரௌசர்தான்.