கடல் ஏறும் கரையில் கோயில்கள் செய்யும் வேலை

எர்ணாகுளம் பிராட்வே கடைத்தெருவுக்கு அருகிலேயே படகுத்துறை. அங்கிருந்து காயலைக் கடந்தால் மட்டாஞ்சேரி. அங்குள்ள பரதேசி யூதக் கோயிலின் சுவரில் எபிரேயக் கல்வெட்டு ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. அது 1344இல் கொச்சங்காடியில் எழுந்த பழைய யூதக் கோயிலுடையது. அதற்கு மூன்றாண்டு முன்பு, 1341இல், பெரியாற்று வெள்ளம் முசிறித் துறையைத் தூர்த்துக் கொச்சியின் முகத்துவாரத்தைத் திறந்துவிட்டதாக வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். வணிகம் இடம் மாறியது. முசிறி இருந்த கொடுங்கல்லூர்ப் பக்கத்து யூதர்களும் கொச்சிக்கு வந்தார்கள். இயற்கை விரட்டிய மக்கள் புது மண்ணில் வழிபாட்டிடத்தைச் சுற்றியே மீண்டும் ஊராகிறார்கள் என்பதற்கு இந்தக் கல் சாட்சி.

இன்று அதே கொச்சியில் கடல் விரட்டுவது மீனவர்களை. தெற்கே செல்லானத்தில், கடலுக்கும் காயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில், பெரும்பாலும் லத்தீன் கத்தோலிக்கர்கள் வாழ்கிறார்கள். 2021 மே மாதம் டவ்தே புயலின்போது, கொரோனா முடக்கத்துக்கு நடுவே, அலைகள் வீடுகளுக்குள் புகுந்தன. மக்கள் அமைப்புகளும் திருச்சபையும் விடாமல் போராடிய பிறகே 344 கோடி ரூபாயில் டெட்ராபாட் கற்களாலான கடற்சுவர் வந்தது. அது ஏழு கிலோமீட்டர் சொச்சம்தான். சுவர் முடிந்த இடத்துக்கு வடக்கே, கண்ணமாலி, செறியகடவு பகுதிகளில், பின்வந்த மழைக்காலங்களிலும் கடல் ஏறியது.

இதில் மதத்துக்கு என்ன வேலை? முதல் வேலை, ஆளை அறிந்திருப்பது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது, கரைக்குத் திரும்பாதவர்களின் பட்டியலைக் கன்னியாகுமரி மாவட்டப் பங்குத்தந்தைகள் வீடுவீடாக எடுத்தார்கள். தூத்தூர்ப் பக்கத்து மீனவர்கள் பலர் கொச்சி தோப்பும்படியிலிருந்து ஆழ்கடல் தொழிலுக்குப் போகிறவர்கள். யார் எந்தப் படகில் போனார் என்பது ஊர்க்கோயிலுக்குத் தெரிந்திருந்தது. திரும்பாதவர்களை மீட்கக் கோரி டிசம்பர் 7 அன்று குழித்துறையில் மக்கள் ரயிலை மறித்தபோதும் பாதிரியார்கள் கூடவே நின்றார்கள்.

இரண்டாவது, பேரம் பேசும் பலம். 2022 ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை நடந்த விழிஞ்ஞம் துறைமுக எதிர்ப்புப் போராட்டத்தைத் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டம் நடத்தியது. கடலரிப்பில் வீடிழந்து வலியதுறை சிமெண்ட் கிடங்கில் கிடந்த குடும்பங்களின் மறுவாழ்வு அதன் கோரிக்கைகளில் ஒன்று. மாதம் 5,500 ரூபாய் வீட்டுவாடகை தர அரசு முன்வந்தது.

மூன்றாவது, அடைக்கலம். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் திருச்சூர் மாவட்டம் மாளா அருகே கொச்சுக்கடவில் பள்ளிவாசல் நீரில் மூழ்கியது. பக்ரீத் தொழுகைக்குப் பக்கத்து இந்துக் கோயில் தன் மண்டபத்தைத் திறந்துவிட்டது.

எல்லாம் நன்மை என்று சொல்லிவிட முடியாது. கடல் ஏறுவதைக் கடவுள் சித்தம் என்று ஏற்றுக்கொள்ளும் மனம் இன்னும் இருக்கிறது. அந்த மனத்தால், பொறுப்பேற்க வேண்டிய அதிகாரி தப்பிவிடுகிறார். 2015இல் போப் பிரான்சிஸ் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடல் இதற்கு நேரெதிர்: காலநிலை மாற்றத்தில் மனிதனின் பங்கை அது வெளிப்படையாகச் சொன்னது. இன்னொரு குறையும் உண்டு. பங்குப் பதிவேட்டில் பெயரில்லாத வெளிமாநிலத் தொழிலாளிக்காக வாதாட யாரும் வருவதில்லை. அவரையும் எண்ணுவது அரசின் கடமை. கோயில் தரும் பட்டியலை வாங்கிக்கொண்டு அரசு ஒதுங்கிவிடக் கூடாது.

கேரள அரசின் ‘புனர்கேஹம்’ திட்டம் கடலிலிருந்து 50 மீட்டருக்குள் இருக்கும் குடும்பத்துக்கு இடமும் வீடும் சேர்த்து 10 லட்சம் ரூபாய் தருகிறது. அந்தப் பணத்தில் நிலம் கிடைப்பது உள்ளே, தூரத்தில். படகு இங்கே, தாய்தகப்பன் கல்லறை இங்கே, திருநாள் இங்கே, வீடு மட்டும் அங்கே என்றால் பலர் தயங்கத்தான் செய்வார்கள். இதைப் பிடிவாதம் என்பது அநியாயம். குடும்பம் குடும்பமாகப் பிரிக்காமல், ஊரை ஊராகவே, அதன் கோயிலோடும் கல்லறையோடும், கடலுக்கு நடந்து போகும் தூரத்தில் குடியமர்த்த அரசு நிலம் ஒதுக்க வேண்டும்.