ஊசி போட்டாச்சா? சீட்டைக் காட்டுங்க!

2021-ம் ஆண்டு செப்டம்பர் மாதம். நீலகிரி மாவட்ட மதுக்கடைகளில் "குடிமகன்"களுக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. கொரோனா தடுப்பூசி போட்ட சான்றைக் காட்டினால்தான் சரக்கு. இல்லாவிட்டால் வந்த வழியே நடையைக் கட்ட வேண்டியதுதான்!

மற்ற ஊர்களில் வேறு கூத்து. ஞாயிற்றுக்கிழமை முகாம் போட்டால், "ஊசி போட்டா கறி திங்கக் கூடாதாம், தண்ணி போடக் கூடாதாம்" என்று பலர் அந்தப் பக்கமே வரவில்லை. சர்க்கார் சளைக்கவில்லை. அக்டோபரில் முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றியது.

அதுவரை கெஞ்சல். நவம்பரில் கெடுபிடி. ஊசி போடாதவர்களைப் பொது இடங்களுக்குள் விடக் கூடாது, அதை அந்தந்த இடத்துப் பொறுப்பாளரே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சுகாதாரத் துறை உத்தரவு போட்டது. கையில் எடுத்தது 1939-ம் ஆண்டு பொதுச் சுகாதாரச் சட்டம். அம்மை குத்துகிறவர் தெருவுக்குள் வந்தால் பிள்ளைகள் பரண்மேல் ஏறி ஒளிந்த காலத்துச் சட்டம் அது.

அண்ணாச்சி பாடு திண்டாட்டம்

மாட்டிக்கொண்டவர் கடைக்காரர். பத்து வருஷமாகக் கடன் நோட்டில் கணக்கு எழுதி வாங்குகிறவரிடம், "செல்லைக் காட்டுங்க, ஊசி போட்டிருக்கீங்களான்னு பார்க்கணும்" என்று அண்ணாச்சி எப்படிக் கேட்பார்? கேட்டால் வியாபாரம் போச்சு. கேட்காவிட்டால் வம்பு.

"என் உடம்பு, என் இஷ்டம்" என்றார்கள் ஒரு சாரார். "நீ இருமினா எனக்குல்ல வருது" என்றார்கள் மறு சாரார். இரண்டும் ஞாயம்தானே!

சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு

விவகாரம் டெல்லி வரை போனது. மத்திய அரசின் தடுப்பூசி ஆலோசனைக் குழுவில் முன்பு உறுப்பினராக இருந்த டாக்டர் ஜேக்கப் புலியேல் வழக்குப் போட்டார். 2022-ம் ஆண்டு மே 2-ந் தேதி நீதிபதிகள் நாகேஸ்வரராவ், கவாய் தீர்ப்பு சொன்னார்கள்.

யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது. அவரவர் உடம்பின் மீதான உரிமை அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவில் அடங்கியது. ஆனால் ஊரார் நலனுக்காக, அளவோடு, அரசு கட்டுப்பாடு விதிக்கலாம்.

அந்த "அளவோடு" என்பதில்தான் அரசுகள் கோட்டைவிட்டன. ஊசி போட்டவரை விடப் போடாதவரால் நோய் அதிகம் பரவுகிறது என்று காட்ட, எந்த அரசும் கோர்ட்டில் புள்ளிவிவரம் தரவில்லை. எனவே தொற்று குறைவாக இருக்கும்வரை தடைகளை வாபஸ் வாங்குங்கள் என்றது கோர்ட்டு. மற்றபடி தடுப்பூசித் திட்டத்தில் குற்றம் காணவில்லை. மற்ற கொரோனா கட்டுப்பாடுகளையும் தொடவில்லை.

வேலை போய்விடுமே, உள்ளே விடமாட்டார்களே என்று பயந்து வரிசையில் நின்று போட்டுக்கொண்டவர்கள் அதற்குள் இரண்டாவது ஊசியையும் முடித்திருந்தார்கள்.