வேலை கிடைக்கவில்லையா? முதலில் காலை 6 மணிக்கு எழுந்திருங்கள்!

விழுப்புரம், திண்டிவனம் வாலிபர்கள் மனம் தளராமல் இருக்க வழி

காலை 6 மணி. விழுப்புரம் ஜங்ஷன் சுறுசுறுப்பாகி விட்டது. டிபன் பாக்சும் கையுமாக ஒரு கூட்டம் சென்னை பக்கம் போகும் ரெயிலுக்கு காத்து நிற்கிறது. திண்டிவனம் பஸ் நிலையத்திலும் இதே காட்சிதான்.

அதே ஊரில், அதே நேரத்தில், இன்னொரு வாலிபர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருப்பார்.

அவர் சோம்பேறி அல்ல. பட்டதாரி! எழுந்து என்ன செய்வது என்று தெரியாமல் படுத்திருக்கிறார்.

வேலை இல்லாதவருக்கு பணக்கஷ்டம்தான் பெரிய எதிரி என்று நினைக்கிறோம். ஆனால் ஆளை உள்ளுக்குள் அரிப்பது, செய்வதற்கு ஒன்றும் இல்லாத அந்த வெறும் பொழுதுதான்.

நடை தளர்ந்தது!

இது 90 ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த உண்மை.

ஆஸ்திரியா நாட்டில் மரியந்தால் என்று ஒரு சிற்றூர். அங்கிருந்த துணி ஆலைதான் ஊருக்கே சோறு போட்டது. 1929-30ல் ஆலையை மூடிவிட்டார்கள். ஊரே வேலை இழந்தது. மேரி யகோடா என்ற பெண்மணியும் அவரது சகாக்களும் அங்கு போய் ஆராய்ந்து, 1933-ல் அதை புத்தகமாக வெளியிட்டனர்.

எல்லோருக்கும் நேரம் நிறைய இருந்தது. நூல்நிலையத்தில் கூட்டம் அலைமோதி இருக்க வேண்டும் அல்லவா? நடந்தது நேர் எதிர். கட்டணத்தை ரத்து செய்த பிறகும் புத்தகம் எடுப்பது பாதியாக குறைந்தது!

தெருவில் ஆண்களின் நடையே தளர்ந்து விட்டது. பெண்கள் அவர்களை விட வேகமாக நடந்தார்கள். காரணம், பெண்களுக்கு வீட்டு வேலை காத்திருந்தது.

ஆக, "இன்றைக்கு இதை முடிக்கணும்" என்று ஒன்று கையில் இருந்தால் மனசு தாங்கும்.

என்ன செய்யலாம்?

6 மணிக்கு எழுந்து, குளித்து, சட்டை மாற்றி வெளியே கிளம்புங்கள். வேலைக்கு போகிறவர் மாதிரியே!

காலை நேரம் படிப்புக்கு. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வ பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுகளுக்கு இலவச பயிற்சி உண்டு. தனியாக படிப்பதை விட நாலு பேரோடு படித்தால் தெம்பு வரும்.

பிற்பகலில் சின்ன வேலை எதுவானாலும் சரி. டியூசன் எடுக்கலாம். கடையில் கணக்கு எழுதலாம். "டிகிரி படிச்சிட்டு இதுவா?" என்று கேட்பவர் கேட்கட்டும். மாலையில் கையில் நூறு ரூபாய் இருந்தால் தலை தானாக நிமிரும்.

பதிவை புதுப்பிக்க மறக்காதீர்கள். 3 ஆண்டுக்கு ஒருமுறை. தவறினால் பதிவு மூப்பு போய்விடும்!

பதிவு செய்து 5 ஆண்டு காத்திருந்தும் வேலை கிடைக்காத ஏழைகளுக்கு அரசு உதவித்தொகை உண்டு. பட்டதாரிக்கு மாதம் ரூ.600, பிளஸ்-2 படித்தவருக்கு ரூ.400, பத்தாம் வகுப்பு தேறியவருக்கு ரூ.300. 3 ஆண்டுகள் வரை கிடைக்கும். குடும்பம் நடத்த காணாது. விண்ணப்ப கட்டணத்துக்கும் பஸ் செலவுக்கும் கைகொடுக்கும்.

ஏமாறாதீர்கள்!

மனம் உடைந்தவரைத்தான் மோசடி பேர்வழிகள் தேடி வருவார்கள்.

"மூணு லட்சம் மட்டும் குடு தம்பி... அடுத்த மாசம் ஆர்டர் கையில!" என்பார்கள். அம்மாவின் தாலிக்கொடி வரை போய்விடும்.

குரூப்-4 தேர்வையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துத் தேர்வு மட்டும்தான். நேர்முகத் தேர்வே கிடையாது. பிறகு யாரிடம் சிபாரிசு செய்ய முடியும்?

2024-ல் அந்த தேர்வுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். அத்தனை பேரில் ஒருமுறை நம் பெயர் வரவில்லை என்றால் அது அவமானம் அல்ல. அடுத்த முறை எழுதலாம்.

மாமாவின் கேள்வி

வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை.

கல்யாண பந்தியில் நாலு பேர் நடுவே, "என்னப்பா, ஏதாச்சும் வேலை கிடைச்சுதா?" என்று மாமா கேட்பார். அன்பாகத்தான் கேட்பார். ஆனால் பையனுக்கு இலையில் இருக்கும் சோறு இறங்காது. அடுத்த கல்யாணத்துக்கு வரவே மாட்டான்.

அந்த கேள்விக்கு பதில், "இன்னைக்கு என்னப்பா படிச்ச?" என்று கேளுங்கள். சொல்வதற்கு அவனிடம் ஏதாவது இருக்கும்.

இந்த மண்ணின் பயிர் மல்லாட்டை. திண்டிவனம் ஆராய்ச்சி நிலையம் தந்த ரகங்களுக்கு "டி.எம்.வி." என்று ஊர் பெயரையே வைத்தார்கள்.

மல்லாட்டை செடி பூப்பது மேலே. விழுது இறங்கி காய் பிடிப்பது மண்ணுக்குள்ளே. வரப்பில் நின்று பார்ப்பவருக்கு காய் தெரியாது. அதற்காக எந்த விவசாயியும் செடியை பாதியில் பிடுங்கி எறிவதில்லை.

வேலை தேடும் பிள்ளையும் அப்படித்தான். தண்ணீர் காட்டுங்கள். காய் பிடிக்கும்!