விண்மீனின் கடிகாரம்



நாம் பாடம் நடத்தும் தோட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஒருநாள் எழுந்து நின்றாள். "சார், வானத்திலே வேறு உலகத்தில் ஆட்கள் இருந்தால், அவர்கள் பேசுவது எங்கள் வீட்டு ரேடியோவில் கேட்குமா?" என்றாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. நாமும் சிரித்துவிட்டுக் கணக்குப் புத்தகத்தை எடுக்கச் சொன்னோம். அது நாம் செய்த தவறு. அறிஞர் பலர் தம் வாழ்நாளையே செலவிட்டு விடை தேடும் கேள்வியை அல்லவா அந்தப் பிள்ளை கேட்டுவிட்டாள்! அன்று அவளுக்குச் சொல்லாமல் விட்டதை இன்று எல்லாருக்குமாகச் சொல்கிறோம்.

வானொலி அலை ஒளியைப் போலவே விநாடிக்குச் சுமார் 3 இலட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். மேகமோ விண்வெளித் தூசியோ அதை அவ்வளவாகத் தடுப்பதில்லை. ஆகவே விண்மீன்களுக்கிடையே செய்தி அனுப்ப விரும்புகிறவர் அதையே பயன்படுத்தக்கூடும் என்று கொக்கோனி, மோரிசன் என்னும் இரு அறிஞர்கள் 1959ஆம் ஆண்டில் எழுதினார்கள். மறு ஆண்டே பிராங்க் டிரேக் என்பவர் அமெரிக்காவின் கிரீன் பேங்க் என்னும் ஊரில் 85 அடி அகலமுள்ள தட்டு வடிவ வானொலித் தொலைநோக்கியை இரண்டு விண்மீன்களை நோக்கித் திருப்பி வைத்துக் கேட்டார். அவற்றுள் ஒன்றிலிருந்து அலை இங்கு வந்து சேரவே சுமார் 12 ஆண்டு ஆகும். ஒரு கடிதம் போட்டுப் பதில் வாங்க 24 ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்! டிரேக் தேடத் தொடங்கிய அன்றே பலமான துடிப்பு ஒன்று கேட்டது. உள்ளம் துள்ளியிருக்கும். ஆனால் அது மனிதர்களின் கருவியிலிருந்து வந்தது என்று பின்னர் தெரிந்தது.

இங்கேதான் சங்கடம். பூமி முழுவதும் நம்முடைய இரைச்சல். வந்த சத்தம் வானத்துச் சத்தமா, பக்கத்துச் சத்தமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விடியுமுன் பெரட்டுக்குப் போகிற பெற்றோர்களுக்கு இதற்கு ஒரு வழி எளிதில் விளங்கும். காலை 5 மணிக்கு மலைக்காட்டு உச்சியில் ஒரு வெள்ளி தெரிகிறது என்றால், பதினைந்து நாள் கழித்து அதே வெள்ளி அதே இடத்துக்கு 4 மணிக்கே வந்துவிடும். பூமி சூரியனைச் சுற்றி நகர்ந்துகொண்டிருப்பதால், விண்மீன் நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 நிமிடம் முந்திக்கொள்கிறது. பெரட்டு மணி முந்துவதில்லை, அது மனிதனின் கடிகாரப்படி அடிக்கிறது. ஆகவே ஒரு சத்தம் தினமும் 4 நிமிடம் முந்தி வந்தால் அது வானத்தைச் சேர்ந்தது என்று நம்ப இடமுண்டு.

இந்தக் கணக்கு 1967ஆம் ஆண்டில் ஓர் இளம்பெண்ணுக்குக் கைகொடுத்தது. ஜோசலின் பெல் வட அயர்லாந்தைச் சேர்ந்தவர், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவி. வயது 24. அங்கே 4½ ஏக்கர் நிலத்தில் கம்பங்களை நட்டு, பந்தல் போட்டாற்போல் கம்பி இழுத்து ஒரு வானொலித் தொலைநோக்கி அமைத்தார்கள். அந்தக் கம்பம் நடும் வேலையிலும் இவர் இறங்கினார். கருவி நாள்தோறும் ஏறத்தாழ 100 அடிக் காகிதத்தில் கோடு போட்டுத் தள்ளும். அத்தனையையும் கண்ணாலேயே பார்க்க வேண்டும். அதில் ஒரு சின்னக் கிறுக்கல் வானத்தின் ஒரே இடத்திலிருந்து திரும்பத் திரும்ப வருவதை அவர் கவனித்தார். மற்றொருவர் குப்பை என்று தள்ளியிருக்கலாம்.

காகிதத்தை வேகமாக ஓடவிட்டுப் பார்த்தபோது, 1.3 விநாடிக்கு ஒரு துடிப்பு, பிசகாமல்! இது மனிதன் செய்ததாகத்தான் இருக்க வேண்டும் என்றார் பேராசிரியர் ஹியூவிஷ். ஆனால் அது விண்மீனின் கடிகாரப்படி வந்தது. வேறு வானாராய்ச்சி நிலையங்களின் வேலையாக இருக்குமோ என்று விசாரித்தார்கள், இல்லை. வேற்றுலகத்தாரோ? பாதி வேடிக்கையாகச் 'சிறிய பச்சை மனிதர்கள்' என்று பெயரும் வைத்தார்கள். அனுப்புகிறவர் தம் சூரியனைச் சுற்றும் ஓர் உலகில் இருந்தால், அந்தச் சுற்றுக்கேற்பத் துடிப்பின் இடைவெளி கூடிக் குறைய வேண்டும். அப்படி எதுவும் காணவில்லை. பிறகு வானத்தின் வேறொரு மூலையில் இரண்டாவது துடிப்பையும் பெல் கண்டுபிடித்தார். ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் உள்ள இரண்டு கூட்டத்தார் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி நம்மை அழைப்பார்களா? அவை வேகமாகச் சுழலும், செத்துச் சுருங்கிய விண்மீன்கள் என்பது பின்னர் தெளிவாயிற்று. ஆங்கிலத்தில் பல்சார் என்பார்கள்.

இதற்காக 1974ஆம் ஆண்டின் நோபல் பரிசில் ஹியூவிஷுக்குப் பங்கு கிடைத்தது. பெல்லுக்கு இல்லை. நமக்கு இது நியாயமாகப் படவில்லை. 2018ஆம் ஆண்டில் வேறொரு பெரும் பரிசாக 30 இலட்சம் டாலர் அவருக்குக் கிடைத்தபோது, அந்தப் பணத்தை மாணவர்களின் உதவித்தொகைக்கே கொடுத்துவிட்டார்.

சிரிப்பூட்டும் கதையும் உண்டு. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் பல ஆண்டுகளாக ஒரு புதிரான சத்தம் அவ்வப்போது விழுந்தது. 2015ஆம் ஆண்டில் குட்டு வெளிப்பட்டது. அங்கே பணிபுரிவோர் உணவு சூடாக்கும் மின்னடுப்பின் கதவை, அது நிற்பதற்குள் அவசரப்பட்டுத் திறந்ததுதான் காரணம்!

விளங்காத சத்தமும் உண்டு. 1977ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள், அமெரிக்காவின் ஒஹாயோவில் 72 விநாடி பலமாக ஒன்று கேட்டது. சில நாள் கழித்துத் தாளைப் பார்த்த ஜெரி எமன் சிவப்பு மையால் 'வாவ்' என்று வியந்து எழுதினார். பலமுறை தேடியும் அது திரும்பக் கிடைக்கவில்லை. ஒருமுறை மட்டும் கேட்டதை வைத்து அறிஞர்கள் எதையும் உறுதி சொல்வதில்லை.

இதுவரை வேற்றுலகத்தாரின் குரல் எதுவும் கிடைக்கவில்லை. தேடியதோ மிகக் கொஞ்சம். ஒரு குவளைக் கடல்நீரை மொண்டு பார்ப்பதுபோல என்பார் இத்துறையில் மூத்தவரான ஜில் டார்ட்டர்.

அந்தச் சிறுமிக்கு, வீட்டு ரேடியோவுக்கு அவ்வளவு சக்தி போதாது, பெரிய தட்டு வேண்டும் என்று பிறகு சொன்னோம். வகுப்புக்கு ஒரு வேலையும் கொடுத்தோம். நீங்களும் செய்யலாம். லயத்து வாசலில் ஒரே இடத்தில் நின்று, ஒரு வெள்ளி எந்த மரத்துக்கு நேரே எத்தனை மணிக்கு வருகிறது என்று குறித்து வையுங்கள். ஒரு வாரம் கழித்துப் பாருங்கள், ஏறக்குறைய அரைமணி முந்தியிருக்கும். மிகப் பிரகாசமான விடிவெள்ளியை மட்டும் எடுக்காதீர்கள். அது கோள், அதன் கணக்கு வேறு. மழை மூட்டமாக இருந்தால் அடுத்த நாள் பார்த்துக்கொள்ளலாம்.