நம் சரக்குப் பெட்டியை யார் செய்வது?

மாதிரி ரயில்கள் சேகரிப்பவர்களின் அலமாரியில் அமெரிக்க, ஐரோப்பிய, ஜப்பானியச் சரக்குப் பெட்டிகள் வரிசையாக நிற்கும். நம் கேடிஎம் சரக்குப் பெட்டி மட்டும் கடையில் எளிதில் கிடைக்காது.

இத்தனைக்கும் நம் நாட்டு ரயில் கதையே சரக்கில்தான் தொடங்கியது. 1885இல் தைப்பிங் – போர்ட் வெல்ட் பாதையும், 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் சென்ற பாதையும் முக்கியமாக ஈயத்தை ஏற்றிச் செல்லவே போடப்பட்டன. ஈயச் சுரங்கங்கள் நிறைந்த அம்பாங்கிற்கும் ஒரு கிளைப் பாதை இருந்தது. 1996இல் தொடங்கிய எல்ஆர்டி, அந்தப் பழைய தடத்தை ஒட்டித்தான் இன்று அம்பாங்கிற்கு வருகிறது.

கடையில் கிடைக்கும் பெட்டிக்கு கேடிஎம் வண்ணம் பூசினால் போதாதா? போதாது. உலகில் அதிகம் விற்கும் ‘எச்ஓ’ மாதிரிகள், அசலில் 87இல் ஒரு பங்கு. 1,435 மில்லிமீட்டர் அகலப் பாதை அதில் 16.5 மில்லிமீட்டராகச் சுருங்கும். நம் பாதையின் அகலமோ 1,000 மில்லிமீட்டர்தான், சுருக்கினால் 11.5 வரும். அதனால் கடைப் பெட்டி, காலை அகட்டி நிற்பது போலத் தெரியும். சுவிட்சர்லாந்தின் மீட்டர் பாதை மாதிரிகளுக்காக விற்கும் 12 மில்லிமீட்டர் சக்கரங்கள் நமக்குப் பொருந்தும். மேல்பகுதியை நாமேதான் செய்ய வேண்டும்.

அதற்கு அளவு வேண்டுமே? ரயில் நிலைய மேடையில், மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்று, கொள்கலன் ஏற்றிய பெட்டியை நேர் பக்கவாட்டில் படம் எடுங்கள். தண்டவாளத்தில் இறங்கவே கூடாது. 20 அடிக் கொள்கலனின் நீளம் 6.06 மீட்டர்; மாதிரியில் 70 மில்லிமீட்டர். படத்தில் கொள்கலன் 10 சென்டிமீட்டரும் பெட்டி 22 சென்டிமீட்டரும் இருந்தால், மாதிரிப் பெட்டியின் நீளம் 154 மில்லிமீட்டர். சக்கர இடைவெளியையும் இப்படியே கணக்கிடலாம். படிவம் ஒன்றில் படித்த விகிதக் கணக்குதான்!

பிளாஸ்டிக் தகட்டை வெட்டி ஒட்டி, கைப்பிடிக்கு மெல்லிய கம்பி பொருத்துங்கள். எடை குறைந்தால் பெட்டி தடம் புரளும். ஓர் அவுன்ஸுடன், நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ் சேர்க்கச் சொல்கிறது அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம். நம் பெட்டிக்கு ஏறத்தாழ 113 கிராம். கொள்கலனுக்குள் பழைய சில்லறைக் காசுகளை ஒட்டினால் எடை கூடிவிடும். கடைசியாகப் பழுப்பு நிறச் சுண்ணக்கோலைப் பொடியாக்கி, துரு ஏறிய இடங்களில் தூரிகையால் தடவுங்கள். எங்கே துரு, எங்கே தூசு என்பதைப் படம்தான் சொல்லும். கற்பனையில் தடவினால் பொய்யாகத் தெரியும்.

பழைய பெட்டிகளுக்கு அந்தப் படமும் எளிதில் கிடைக்காது. ஆனால் செந்தூல் பட்டறையிலும் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளிலும் வாழ்ந்த தமிழர்கள் பலர். உங்கள் தாத்தா அங்கு வேலை செய்தவரா? கதவு எந்தப் பக்கம் திறந்தது, என்ன நிறம், என்ன ஏற்றினார்கள் என்று இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள். பசையும் தகடும் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம்.