வெயிலுக்கு விட்ட வேலை

என் சிறுவயதில் திருத்தணியில் நந்தியாற்றுப் பக்கம் நடந்தால் சுவரெங்கும் வறட்டிதான். ஒவ்வொன்றிலும் ஐந்து விரல் பதிந்திருக்கும். 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் இது. ஒரு வீட்டில் ‘வறட்டி’ என்பதை அடுத்த வீட்டில் தெலுங்கில் ‘பிடக’ என்பார்கள். சாணியோடு வைக்கோல் கூளமும் உமியும் பிசைந்து அத்தை தட்டுவாள். ஒரு பக்கம் காய்ந்ததும் பெயர்த்து, ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்தி மறுபக்கத்தைக் காயவிடுவாள். அரைகாய்ச்சலில் ஒன்றை எடுத்து அடுப்பில் வைத்தேனோ இல்லையோ, அதட்டல் வரும்: “ஈரத்தை எரிக்கவாடா அடுப்பு மூட்டறோம்?”

அந்தக் கேள்விக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. கொதிநிலையில் உள்ள ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 540 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். பச்சைச் சாணத்தில் பெரும்பகுதி தண்ணீர். அதை அடுப்பிலேயே காய்ச்சினால் சோற்றுக்கு மிஞ்சுவது புகைதான். அந்தச் செலவை அத்தை வெயிலின் தலையில் கட்டினாள். கோடையில் தமிழ்நாட்டிலேயே அதிக வெப்பம் பதிவாகும் ஊர்களில் திருத்தணியும் ஒன்று. அந்த வெயிலுக்கு அன்று வேலை இருந்தது. வெல்லம் காய்ச்சும் இடங்களிலும் பிழிந்த கரும்புச் சக்கையைப் பரப்பிக் காயவைத்துத்தான் கொப்பரைக்கு அடியில் தள்ளினார்கள்.

இன்று சுவர்கள் வெறுமையாக இருக்கின்றன. எரிவாயு வந்துவிட்டது. அதற்காக நான் ஏங்கமாட்டேன்; அத்தையின் சிவந்த கண்ணையும் அடங்காத இருமலையும் பார்த்தவன் நான். வறட்டி இப்போது போகிக்கும் ஹோமத்துக்கும் சுடுகாட்டுக்கும் என்று சுருங்கிவிட்டது.

ஆனால் ஈரக் குப்பை சுருங்கவில்லை. ஆடிக் கிருத்திகைக்கு மலையேறும் புஷ்பக் காவடிகளை நினைத்துப் பாருங்கள். 365 படி ஏறி முருகனிடம் சேர்ந்த பூ, மறுநாள் வாடிய குவியல். அதோடு உணவகங்களின் எச்சில் இலை, கல்யாண மண்டபச் சோறு, காய்கறிக் கழிவு. இவற்றை ஈரத்தோடு குவித்தால் அடியில் காற்று புகாது. அழுகி மீத்தேன் கிளம்பும்.

காயவைக்காமலே கரியாக்கும் வழியை 1913-லேயே ஜெர்மானிய வேதியியலாளர் ஃபிரீட்ரிக் பெர்கியஸ் எழுதிவைத்தார். கழிவை அதன் ஈரத்தோடு அழுத்தக் கலனில் அடைத்து, 180 முதல் 250 டிகிரி செல்சியஸ் வரை சில மணி நேரம் வேகவிட வேண்டும். நம் பிரஷர் குக்கரின் முரட்டு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தத்தில் தண்ணீர் ஆவியாவதில்லை, அதனால் அந்த 540 கிலோ கலோரிச் செலவு பெரிதும் மிச்சம். வெளிவருவது பழுப்பு நிலக்கரி போன்ற பொருள். நீரை எளிதாகப் பிழிந்துவிடலாம். பிழிந்த நீரைச் சுத்திகரிக்க வேண்டும், கலனும் விலை அதிகம். பெருநகரத்துக்குக் கட்டுப்படியாகலாம். வாரணாசியில் என்டிபிசி மின் நிறுவனம் குப்பையை வறுத்துக் கரியாக்கும் ஆலையை அமைத்திருக்கிறது. அது வேறு முறை.

எங்கள் ஊர்ப் பூவுக்கு அவ்வளவு பெரிய கலன் வேண்டாம் என்றே நினைக்கிறேன். பூமாலையிலிருந்து நைலான் நூலையும் ஜிகினாவையும் உருவிவிட்டு, ஆடி மாத மாலை மழைக்கு ஒரு கூரை போட்டு, நான்கைந்து நாள் பரப்பினால் பூ சருகாகிவிடும். உமியோடு சேர்த்து இயந்திரத்தில் அழுத்தினால் கொதிகலனுக்கு ஏற்ற கட்டி கிடைக்கும். நூலை உருவ ஆள் வேண்டும், அந்த ஆளுக்குக் கூலி வேண்டும். வெயில் இன்னும் இலவசம்தான்.