இசைத்தட்டுக்குப் பின்னால் நின்றவர்

புது தில்லி: இந்துஸ்தானி இசை மேதைகள் பலரை ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்து வந்தவர் ஜி.என். ஜோஷி. சட்டம் பயின்றவர், மராத்தி பாவகீதப் பாடகர். வழக்கறிஞர் தொழிலைக் கைவிட்டு 1938-ல் எச்.எம்.வி. நிறுவனத்தில் சேர்ந்தார். படே குலாம் அலி கான், அமீர் கான், பேகம் அக்தர் உள்ளிட்டோருடன் பழகிய நினைவுகளை "டவுன் மெலடி லேன்' என்ற நூலாக 1984-ல் வெளியிட்டார். இந்திய இசைத்தட்டுத் தொழிலின் உள்புறத்தைக் காட்டும் ஆவணம் அது.

மூன்று நிமிட ராகம்

அன்றைய 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே பதிவு செய்ய முடியும். ஒரு மணி நேரம் விரித்துப் பாட வேண்டிய ராகத்தை அதற்குள் அடக்குவதைப் பல வித்வான்கள் இழுக்காகவே கருதினர். தங்கள் வித்தையைத் தட்டிலிருந்து பிறர் கற்றுக்கொண்டு விடுவார்கள் என்ற அச்சமும் சிலருக்கு இருந்தது. எனவே, ஒலிவாங்கியைச் சரிபார்ப்பதைவிட, கலைஞரின் மனத்தைச் சம்மதிக்க வைப்பதே தயாரிப்பாளரின் பெரும் பணியாக இருந்தது.

நெடுநேர இசைத்தட்டு வந்ததும் நிலைமை மாறியது. 1960-ல் வெளியான அமீர் கானின் இசைத்தட்டில் ஒரு பக்கம் மார்வா, மறுபக்கம் தர்பாரி. அவசரமின்றி ராகத்தை வளர்க்கும் அவரது பாணி, சபைக்கு வர இயலாதவர்களின் வீடுகளுக்கும் சென்றது.

பள்ளத்தாக்கின் அழைப்பு

ஜோஷியின் தயாரிப்புகளில் உலகப் புகழ் பெற்றது 1967-ல் வெளியான "கால் ஆஃப் தி வேலி'. சிவகுமார் சர்மாவின் சந்தூர், ஹரிபிரசாத் செüராசியாவின் புல்லாங்குழல், பிரிஜ் பூஷண் காப்ராவின் கிதார் ஆகியவை இதில் இணைந்தன. மூவரும் அப்போது முப்பது வயதை ஒட்டிய இளைஞர்கள். சந்தூர் காஷ்மீரின் சூஃபி இசைக்குரியது; கிதார் மேலைநாட்டுக் கருவி. இரண்டுக்கும் சாஸ்திரிய மேடையில் இடமுண்டா என்ற கேள்வி நிலவிய காலம் அது. காஷ்மீர் ஆட்டிடையன் ஒருவனின் ஒருநாள் வாழ்வை, விடியலின் ஆஹிர் பைரவில் தொடங்கி பஹாடி வரை அவர்கள் இசைத்தனர். மேலைநாடுகளிலும் அது ரசிகர்களைப் பெற்றது.

உரிமை யாருக்கு?

நினைவுகள் இனிமையானவை; கணக்கு வேறு. 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை நிறுவனத்துக்கே சென்றது. பாடியவருக்குச் சட்டம் எந்த உரிமையும் தரவில்லை. திரைப்பட இசை தொடர்பான வழக்கில் 1977-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் பக்கமே நின்றது. அத்தீர்ப்பில் தனிக் குறிப்பு எழுதிய நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், பாடுபவரின் குரலுக்குச் சட்டத்தில் இடமில்லாததைச் சுட்டிக்காட்டி, நாடாளுமன்றம் இதைச் சீர்செய்ய வேண்டும் என வலியுறுத்தினார்.

நாடாளுமன்றம் செவிசாய்க்க 17 ஆண்டுகள் பிடித்தன. 1994-ம் ஆண்டுத் திருத்தம்தான் நிகழ்த்துநர் உரிமையை முதன்முதலாக ஏற்றது. 2012-ம் ஆண்டுத் திருத்தம் அவர்களுக்கு ராயல்டியில் பங்கு அளித்தது. ஆனால், படே குலாம் அலி கான் 1968-லும், அமீர் கானும் பேகம் அக்தரும் 1974-லும் மறைந்துவிட்டனர்.

ஒலிப்பதிவின் பதிப்புரிமை வெளியீட்டுக்குப் பின் 60 ஆண்டுகள் நீடிக்கும். அமீர் கானின் 1960-ம் ஆண்டு ஒலிப்பதிவு 2021 ஜனவரி 1 முதல் பொதுவுடைமை. "கால் ஆஃப் தி வேலி' ஒலிப்பதிவுக்கு 2028-ல் அந்த நாள் வரும். எனினும், உரிமை காலாவதியாவதால் மட்டும் மூல ஒலிநாடா மக்கள் கைக்கு வந்துவிடாது.

அச்சிடப்படும் ஒவ்வொரு நூலையும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாராவுக்கும் அனுப்ப வேண்டும் என 1954-ம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அச்சட்டத்தில் ஒலிப்பதிவுக்கு இடமில்லை. தயங்கிய மேதைகளைப் பாட வைத்து ஒரு தலைமுறை சேர்த்த செல்வம், நிறுவனத்தின் நல்லெண்ணத்தை மட்டுமே நம்பி இருக்கலாமா? விடை சொல்ல வேண்டியது நாடாளுமன்றம்.